முதுகு இல்லாத பெஞ்சு

எங்கள் வரைபடத்தில் அந்தச் சரிவு
ஒன்பது கோடுகள்.
பென்சிலால் ஏறிவிட்டு
மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியிருந்தோம்.

உலான் பாட்டரின் வடக்கு மேட்டில்
கடைசிப் பேருந்து திரும்பும் இடத்துக்கும் மேலே
தண்ணீர்ச் சாவடி.
ஜன்னலை ஒரு சாண் திறந்து தென்ஸ்மா கேட்டார்,
"எத்தனை லிட்டர்?"
தண்ணீர் வேண்டாம், நாங்கள் வடிவமைப்புக் கல்லூரி என்றோம்.
"அப்படியென்றால் வரிசையை மறிக்காதீர்கள்."

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு
வண்ணச் சீட்டுகள் கொடுத்தோம்.
உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும்?
குழாய், என்று முப்பத்திரண்டு பேர்.
வேலை, என்று ஒருவர்.
ஒரு சிறுமி எதுவும் எழுதாமல்
சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.
எங்களிடம் இருந்ததோ பசையும் அட்டையும்
ஒரு பருவத்துக்கான வெல்டிங் கம்பியும்.
"உட்கார ஓர் இடம்" என்ற ஒற்றைச் சீட்டை
மாணிக்கம்போல் பொறுக்கி எடுத்தோம்.

டிசம்பரில் பெஞ்சு தயார்.
லார்ச் மரப் பலகை, வளைந்த முதுகு.
முதுகில் மேகச் சுருள்கள் செதுக்க
குஸ்லெனுக்கு மூன்று இரவு பிடித்தது.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
நிலக்கரிப் புகை கெர் கூடாரங்களை விட்டு
எழ மனமில்லாமல் கிடந்தது.
பெஞ்சில் ஒருவரும் இல்லை.
யார் உட்காருவார், சொல்லுங்கள்,
மூச்சு மீசையில் உறையும் குளிரில்?

உட்கார்ந்திருந்தவை கேன்கள்.
இருபது லிட்டர், இருபது லிட்டர், நீலமாக, தோளோடு தோளாக.
தரையிலிருந்து பெஞ்சுக்கு ஒரு தம்,
பெஞ்சிலிருந்து வண்டிக்கு ஒரு தம்.
இடுப்பு பிழைத்தது என்றாள் ஒருத்தி,
எங்களிடம் இல்லை, பக்கத்தில் நின்றவளிடம்.
மேகச் சுருளில்தான் இடித்துக்கொண்டிருந்தது
ஒவ்வொரு கேனும்.

"அக்கா, இந்த முதுகை வெட்டிடலாமா?"
வண்டி இழுத்தபடி, ஒன்பது வயது சோல்போன்.

அன்று மாலையே வெட்டினோம்.
ரம்பம் பிடித்தவன் குஸ்லென்.
பாதி அறுத்தபோது சொன்னான்:
அந்த ஒற்றைச் சீட்டு
இப்படி எழுதுங்கள் என்று மாதிரிக்காக
அவனே எழுதிக் காட்டியதாம்.
சிரிப்பதா என்று தெரியாமல்
பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் வண்டிகளின் பின்னே நடந்தோம்.
அடுப்புச் சாம்பலை அவரவர் வாசல்வரை
உறைபனிமேல் தூவிவைத்திருக்கிறார்கள்.
ஒரு வாசலின் சாம்பல் முடிகிற இடத்தில்
அடுத்த வாசலுடையது தொடங்குகிறது.
ஆளில்லாத மனை ஒன்றின் முன்னே மட்டும்
பதினான்கு அடி, கண்ணாடி.
கேன் உருளுவதும் கை முறிவதும் அங்கேதான்.
எங்கள் ஒன்பது கோடுகளில் எதிலும்
அந்தப் பதினான்கு அடி இல்லை.

சாம்பலுக்கு ஒரு பெட்டி செய்தோம்.
செதுக்கல் இல்லை. மூடி உண்டு.
"நிரப்புவது யார்?" என்றார் துமென்னாஸ்த்,
பேருந்து ஓட்டுநர், இரவுப்பணி முடிந்த கண்களோடு.
அதற்கு எங்களிடம் மாதிரிச் சீட்டு இல்லை.

தென்ஸ்மா சாவடிச் சுவரில் சாக்பீஸால்
கிழமைக்கு ஒரு வீடு எழுதினார்.
வியாழனுக்கு எதிரே: கல்லூரி.
கேட்கவில்லை. எழுதிவிட்டார்.
குழாய் அடுத்த ஆண்டு வருமாம்.
போன ஆண்டும் அடுத்த ஆண்டுதான் வருவதாக இருந்தது.

ஆனால் எங்கள் விடுதியில் அடுப்பு இல்லை.
சுவருக்குள் வெந்நீர் ஓடிச் சூடேற்றும் கட்டடம்.
பதினோரு பேர், நான்கு மடிக்கணினி,
ஒரு பிடி சாம்பலுக்கு வழியில்லை.

ஆகவே வியாழன்தோறும், விடியுமுன்,
காலி வாளியோடு
யாராவது ஒருவர் வேலிக்கு வெளியே நிற்கிறோம்.
இங்கே கதவைத் தட்டுவதில்லை.
வந்திருக்கிறேன் என்பதற்கு
வழக்கமான வாசகம் ஒன்று உண்டு.
புகைக்குள் அதை உரக்கக் கூவுகிறோம்:

நாயைப் பிடியுங்கள்!